வெள்ளிக்கிழமை நெத்தலி

நாய் என்றால் எனக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் ஏதோ பிராணிகள் மேல் உயிரை விடுகிறவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. முற்றத்தைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, தோய்த்த உடுப்பைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்தால், அந்த உடுப்பை இழுத்துக்கொண்டு ஓடுவதற்கென்றே ஒரு சீவனைச் சோறு போட்டு வளர்ப்பது எந்த ஊர்ப் புத்தி என்று எனக்கு விளங்குவதில்லை.

ஆகவே ஒரு சனிக்கிழமை மத்தியானம், சாம்பல்தீவில் இருக்கும் சிநேகிதி வீட்டுக்குப் போன என் மகள், ஒரு பிஸ்கற் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி ஓட்டோவில் வந்து இறங்கியபோது, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. பெட்டி முனகியது.

"அம்மா, கத்தாதேங்கோ," என்றாள். நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

"கத்தாமல் பின்ன? வந்த ஓட்டோவிலயே திருப்பிக் கொண்டுபோ."

"அப்பாவுக்குத்தான் கொண்டுவந்தனான்."

ஓட்டோக்காரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்ல வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அப்பா என்றால் என் கணவர். துறைமுகத்தில் இழுவைப் படகு ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். அதற்கு ஏழு மாதம் முன்பு, கப்பல் ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தபோது வடம் அறுந்து அடித்ததில் இடது முழங்கால் நொறுங்கிப் போனது. வெட்டினார்கள், தகடு வைத்தார்கள், தைத்தார்கள். நடந்தால்தான் கால் சரிவரும் என்று டொக்டர் ஒவ்வொரு கிளினிக்கிலும் சொன்னார். இவர் நடக்கவில்லை. நாங்கள் ஓர்ஸ் ஹில்லில் ஒரு பெரிய வீட்டின் பின்பக்கத்து அனெக்ஸில் வாடகைக்கு இருக்கிறோம். அதன் விறாந்தையில் இருந்து பார்த்தால் மரங்களுக்கு நடுவில் துறைமுகத்துத் தண்ணீர் ஒரு துண்டு தெரியும். விடிந்தால் அந்த விறாந்தையில் ஒரு கதிரை, கதிரையில் இவர், பக்கத்துச் சுவரில் சாத்தி வைத்த, ஊன்றி நடக்கத் தந்த பொல்லு. பின்னேரம் நான் கந்தோரில் வேலை முடிந்து வரும்போதும் அதே கதிரை, அதே இவர். எங்காவது படகொன்று ஹோர்ன் அடித்தால் மட்டும் தலை திரும்பும். ஏதாவது கேட்டால் "ஓம்" என்பார். கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

ஏசிப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். ஒருநாள் குசினிக் கதவைச் சாத்திவிட்டு அழுதும் பார்த்தேன். மனிதர் அசையவில்லை. அந்த நாட்களில் எனக்கிருந்த பயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. கால் போனது போகட்டும்; ஆளே கொஞ்சம் கொஞ்சமாக எங்களை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

பெட்டியை விறாந்தையில் வைத்துத் திறந்ததும் மண்நிறத்தில் ஒரு குட்டி வெளியே விழுந்தது. ஒரு காது நின்றது, மற்றது மடிந்து கிடந்தது. விழுந்த கையோடு அது நேரே போய்ப் பொல்லின் அடியில் இருந்த ரப்பரைக் கடித்து இழுக்கத் தொடங்கியது. பொல்லு சரிந்து விழுந்தது. குட்டி பயப்படவில்லை. தன்னைவிட மூன்று மடங்கு நீளமான பொல்லை இழுத்துக்கொண்டு படியால் இறங்கப் பார்த்தது.

"ஏய், இஞ்ச தாரும் அதை," என்றார் இவர்.

குட்டிக்கு 'நீர்' போட்டுக் கதைத்த முதல் ஆள் இவராகத்தான் இருப்பார். பிறகு கதிரையின் கைப்பிடியை ஊன்றி எழும்பினார், தூணைப் பிடித்தார், ஒரு படி இறங்கினார், பொல்லை வாங்கினார். நான் அகப்பையும் கையுமாகக் குசினி யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அகப்பையில் இருந்த குழம்பு முழுவதும் நிலத்தில் ஒழுகியது தெரியவில்லை.

"சரி, சரி. ரெண்டு நாளைக்கு நிக்கட்டும்," என்றேன் மகளிடம், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு.

பெயர் வைப்பதில் மூவரும் மூன்று பக்கம் இழுத்தோம். கடைசியில் பெயரே இல்லாமல் 'குட்டி' என்றே நின்றுவிட்டது.

எங்கள் ஊரில் மான்கள் மனிதரோடு மனிதராகத் திரியும். வெளியூர் ஆட்கள் கண்டால் வாகனத்தை நிறுத்தி இறங்கிப் படம் பிடிப்பார்கள். எங்களுக்கு அவை பூங்கன்றைத் தின்கிற, குப்பைப் பையைக் கிழிக்கிற ஆட்கள், அவ்வளவுதான். ஆனால் முன்வீட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கார அன்ரிக்கு அவை பிள்ளைகள். வெள்ளிக்கிழமை காலையில் பூசை முடித்து, சர்க்கரைப் புக்கை பொங்கிப் படைத்து, அந்தக் கையோடு ஒரு பேசினில் வாழைப்பழத்தோல், பூசணித்தோல், கோவா இலை எல்லாம் நிறைத்துக்கொண்டு போய்க் கேற்றடியில் கொட்டுவா. "வாங்கோ பிள்ளையள்" என்று ஒரு சத்தம் கொடுப்பா. மான்கள் வளவுக்குள் வந்து சாப்பிடும். மற்ற நாட்களில் எங்கே திரிந்தாலும் வெள்ளிக்கிழமை என்றால் அவைக்கு எப்படியோ தெரியும்.

குட்டி வந்து ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை. ஒரு பெண்மானும் அதன் கன்றும் கேற்றைத் தாண்டி உள்ளே வந்ததுதான் தாமதம், குட்டி குரைத்துக்கொண்டு பாய்ந்தது. தாய் ஒரே எட்டில் வெளியே போய்விட்டது. கன்று திசை தெரியாமல் வேலிக்கு ஓடி, முள்ளுக்கம்பியில் மாட்டிக்கொண்டது. அன்ரிதான் ஓடிப்போய்க் கம்பியைத் தூக்கி விட்டா. கன்றின் தொடையில் இரத்தம். அன்ரியின் கையிலும் இரத்தம். எனக்கு நிலத்துக்குள் புகுந்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

அன்ரி சத்தம் போடுகிற ஆள் இல்லை. கையைக் கழுவிவிட்டு எங்கள் விறாந்தைக்கு வந்தா.

"தம்பி, உங்களை நான் வீட்டால எழும்பச் சொல்லேல்லை. ஆனா உந்தக் குட்டி இந்த வளவில இருக்கேலாது."

நான் "ஓம் அன்ரி, இண்டைக்கே" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் கதைத்தார்.

"எனக்கு மூண்டு கிழமை தாங்கோ அன்ரி. சின்னது, ஒண்டும் தெரியாது. நான் பழக்கிறன். சொல்லுக் கேக்கப் பண்ணுறன்."

ஏழு மாதத்தில் அந்த மனிதர் ஒரே மூச்சில் கதைத்த நீளமான கதை அதுதான். அன்ரிக்கும் அது பட்டிருக்க வேண்டும்.

"சரி. மூண்டாவது வெள்ளி. பூசை முடிச்சுப்போட்டு நான் கேற்றைத் திறப்பன். மான் வந்து சாப்பிட்டு முடியுமட்டும் குட்டி கட்டாமல் சொல்லுக்கு இருந்துதெண்டால், இருக்கட்டும். பாஞ்சுதெண்டால் குச்சவெளியில என்ர தம்பியின்ர தோட்டத்தில கொண்டுபோய் விடுவம். அவனுக்கும் காவலுக்கு ஒண்டு வேணுமாம்."

குச்சவெளிக்குக் குட்டி மட்டும் போகாது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. எழும்பி நின்ற மனிதர் திரும்பவும் அந்தக் கதிரையில் போய் இருந்தால், பிறகு எழும்பவே மாட்டார். நாய் வேண்டாம் என்று கத்திய நான் அன்றைக்கு இரவே கட்சி மாறிவிட்டேன்.

பழக்குவது எப்படி என்று மகள் தன் போனில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினாள். அதில் ஒரு வெள்ளைக்காரி சின்னச் சின்னச் சீஸ் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குதிரை அளவு நாயை இருத்தி எழுப்பினாள். சீஸுக்கு நாங்கள் எங்கே போக? எங்கள் வீட்டில் எப்போதும் இருப்பது நெத்தலிக் கருவாடு. இவர் அதைத் தலையைக் கிள்ளி, உப்புப் போகத் தண்ணீரில் ஊறவைத்து, திரும்ப வெயிலில் காயவைத்து, ஒரு பழைய பால்மா ரின்னில் போட்டு வைத்தார். நாய்க்கு மீனை விட்டால் வேறென்ன பிடிக்கும் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

எந்தப் பாஷையில் சொல்வது என்று அடுத்த பிரச்சினை. நாய்க்கு இங்கிலீஷில்தான் சொல்ல வேண்டும் என்று மகள் ஒற்றைக் காலில் நின்றாள். "எல்லாரும் 'சிற்' எண்டுதான் அப்பா சொல்லுறவை."

"சாம்பல்தீவில பிறந்த குட்டிக்கு என்ன இங்கிலீஷ்? 'இரு' எண்டு சொல்லுவம்," என்றார் இவர். அதுவும் முதல் இரண்டு நாள் வாய் பழகாமல் 'இருங்கோ' என்றுதான் வந்தது. நான் சிரித்தேன். "பின்ன, கதிரை போட்டுத் தேத்தண்ணியும் குடுங்கோவன்," என்றேன்.

முறை இதுதான்: வலது கைக்குள் ஒரு நெத்தலித் துண்டைப் பொத்தி நெஞ்சுக்கு நேரே வைப்பது. 'இரு' என்பது. குட்டி மூக்கைத் தூக்கிப் பார்க்கும், துள்ளும், காலைச் சுரண்டும். ஒன்றும் நடக்காது என்று களைத்துப்போய்ப் பின்பக்கம் நிலத்தில் பட்டதும் கையைத் திறப்பது. முதல் நாள் நாற்பது தரம் சொல்லியிருப்பார், இரண்டு தரம் இருந்தது. நாலாம் நாள் சொன்னதும் இருந்தது. விறாந்தையில் பழகியது முற்றத்தில் மறந்துபோகும் என்று வீடியோக்காரி சொன்னாளாம். ஆகவே இவர் பொல்லை ஊன்றிக்கொண்டு படியிறங்கி முற்றத்துக்குப் போனார். பிறகு கிணற்றடிக்கு, பிறகு கேற்றுக்கு. இரண்டாம் கிழமை ஒழுங்கையில் இறங்கிச் சந்திக் கடை வரை போய் வந்தார்கள், இவரும் குட்டியும். கடைக்காரர் என்னைக் கண்டபோது, "என்ன, ஐயா நடக்கத் தொடங்கிட்டார்?" என்று கேட்டார். "நாய் நடத்துது," என்றேன்.

வீடெல்லாம் நெத்தலி மணம். இவருடைய வலது கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் அது போகாது. இடுப்புச் சாறத்து மடிப்பில், தலையணை உறையில், ஒருநாள் என் கந்தோர்ப் பையிலும் ஒரு துண்டு. நான் வழக்கம்போலக் கத்தினேன். ஆனால் ரின் குறையக் குறைய நானே சந்தையில் வாங்கிக்கொண்டு வந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமைகளில் குட்டிக்கு லீவு. எங்கள் வீட்டில் வெள்ளியில் மீன் மச்சம் தொடுவதில்லை. சமைப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. நான் புத்தி தெரிந்த நாளில் இருந்து அப்படித்தான். அன்ரி வீடு தரும்போது சொன்ன ஒரே நிபந்தனையும் அதுதான்: "வெள்ளியில இந்த வளவுக்குள்ள மீன் மணம் வரப்படாது பிள்ளை." ஆகவே வியாழன் இரவே ரின்னை மூடிக் குசினியில் மேல்தட்டில் பின்னுக்குத் தள்ளிவிடுவேன். வெள்ளி முழுவதும் குட்டியை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. கந்தோருக்கு ஞாயிறு லீவு, குட்டிக்கு வெள்ளி லீவு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் மூன்று பேரும் இருந்தோம்.

மூன்றாம் கிழமை வியாழன் பின்னேரம் ஒரு கலைமான் எங்கள் கேற்றுக்கு வெளியே நின்று குப்பையைக் கிளறியது. இவர் கேற்றைத் திறந்து வைத்துவிட்டு, கையைப் பொத்தி, 'இரு' என்றார். குட்டியின் உடம்பு முழுக்க நடுங்கியது, ஆனால் இருந்தது. மான் போகும்வரை இருந்தது. அன்று இவர் இரண்டாம் தரம் சோறு போடச் சொல்லி வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே குட்டி எப்படி இருந்தது, எந்தக் காது ஆடியது என்று எல்லாம் சொன்னார். நானும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

விடிந்தால் வெள்ளி. நான் தலை முழுகி, விளக்கு வைத்து, அன்ரியின் பூசைக்குச் செவ்வரத்தம் பூ ஆய்ந்து கொடுத்துவிட்டு வந்தேன். இவர் முற்றத்தில் நின்றார். வலது கையை நெஞ்சுக்கு நேரே பொத்தி வைத்திருந்தார்.

"இரு," என்றார்.

குட்டி கிட்ட வந்தது. கையை மணந்தது. விரல் இடுக்கெல்லாம் மணந்து பார்த்துவிட்டு, அலரிக் கன்றடிக்குப் போய்க் குந்தி மூத்திரம் பெய்தது.

"இரு... இஞ்ச, இரு."

அது திரும்பியும் பார்க்கவில்லை. மூன்றாம் தரம் சொல்லிவிட்டு இவர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும்தான் எனக்கும் உறைத்தது. மூன்று கிழமையாக நாங்கள் குட்டியைச் சொல்லுக்கு இருக்கப் பழக்கவில்லை, நெத்தலிக்கு இருக்கப் பழக்கியிருக்கிறோம். சோதனை நாளோ வெள்ளி.

"ஐயோ அப்பா!" என்றாள் பாதிப் பின்னலோடு ஓடிவந்த மகள்.

"நான் அன்ரியிட்டக் கேக்கிறன், நாளைக்கு வைப்பம் எண்டு," என்றேன்.

"என்னெண்டு கேக்கப்போறீர்? ஆறு நாள் சொல்லுக் கேக்கும், வெள்ளியில மட்டும் கேக்காது எண்டோ? மான் வாறதே வெள்ளியிலதானே." பொத்திய கையைத் தொங்கவிட்டார். "விடும். போகட்டும்."

பொல்லை ஊன்றிப் படியேறிப் போய்க் கதிரையில் இருந்தார். பொல்லைச் சுவரில் சாத்தினார். முகத்தைத் துறைமுகப் பக்கம் திருப்பினார். மூன்று தரம் சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை, முடிந்துவிட்டது. ஏழு மாதம் நான் பார்த்த அதே முகம்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! அவர்மேல் கோபம், நாய்மேல் கோபம், படகுமேல் கோபம், வெள்ளிக்கிழமைமேலும் கோபம். குசினிக்குள் போனேன். வாங்குப் பலகையில் ஏறினேன். மேல்தட்டில் கையை விட்டு ரின்னை இழுத்தேன். தலையில் ஈரத் துவாய், நெற்றியில் திருநீறு, அந்தப் பக்கம் சுவாமிப் படத்தடியில் நான் ஏற்றிய விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. மூடியைத் திறந்ததும் அந்த மணம் மூக்கில் அடித்தது. கோணேசப் பெருமானே, ஒரு பத்து நிமிஷம் அந்தப் பக்கம் பாரும் என்று சொல்லிவிட்டு நாலு துண்டை எடுத்து வலது கைக்குள் பொத்திக்கொண்டேன்.

"எழும்புங்கோ," என்றேன் விறாந்தைக்கு வந்து. "அன்ரி வரப்போறா. நீங்கள் சொன்ன நாள். நீங்கள்தான் நிக்க வேணும்."

"இருக்காதப்பா அது."

"இருக்குதோ இல்லையோ, வந்து நிண்டு சொல்லுங்கோ. குச்சவெளிக்குப் போறதெண்டாலும் உங்கட முகத்தைப் பாத்துப்போட்டுப் போகட்டும்."

என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். எழும்பினார்.

அன்ரி ஒரு கையில் பேசினும் மறு கையில் பிரசாதத் தட்டுமாக வந்தா. தட்டை மதிலில் வைத்தா, தோலெல்லாம் கொட்டினா, கேற்றைத் திறந்தா, "வாங்கோ பிள்ளையள்" என்றா. இவர் கேற்றுக்குப் பத்தடி தள்ளிப் பொல்லோடு நின்றார். நான் அவருக்கு ஒரு அடி பின்னால், வலது பக்கம். குட்டி எங்களுக்கு முன்னால். மகள் பள்ளிக்கூட உடுப்போடு விறாந்தையில் நின்றாள்.

முதலில் ஒரு பெண்மான் வந்தது. பிறகு அந்தக் கன்று. தொடையில் காயம் ஆறிக் கறுத்திருந்தது. குட்டியின் முதுகு மயிர் எழும்பியது. முன்காலை எடுத்து வைத்தது.

"இரு," என்றார் இவர். குரல் கேட்கவேயில்லை.

நான் பொத்திய கையை நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்தேன். காற்று எங்கள் பக்கத்தில் இருந்துதான் வீசியது. குட்டியின் மூக்கு ஒருமுறை துடித்தது. திரும்பிப் பார்த்தது. பின்பக்கத்தை நிலத்தில் வைத்து இருந்தது.

கன்று கோவா இலையைச் சப்பிய சத்தம் கூட எனக்குக் கேட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மான்கள் தின்று முடித்துத் தங்கள் பாட்டில் திரும்பிப் போயின. இவர் என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் வெளிச்சம். "பாத்தீரே? வெறுங்கையோட! ஒண்டும் இல்லாமல் இருந்தது!" என்றார்.

நான் பொத்திய கையை மெல்லக் கீழே இறக்கினேன்.

"கெட்டிக்காரக் குட்டி. தம்பி, நீங்கள் சொன்னதைச் செய்திட்டீங்கள். நிக்கட்டும்," என்றா அன்ரி. பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தா. சின்ன வாழையிலைத் துண்டுகளில் சர்க்கரைப் புக்கை. இவர் கையில் ஒன்றை வைத்தா. அடுத்ததை என் பக்கம் நீட்டினா.

"இந்தா பிள்ளை, கையை நீட்டு."

சுவாமிக்குப் படைத்த புக்கை. வலது கையால்தான் வாங்க வேண்டும். என் வலது கைக்குள் நாலு துண்டு நெத்தலி வேர்வையில் ஊறிக்கொண்டிருந்தது. இடது கைக்கு மாற்றினாலும் மணம் மாறுமா? கையைத் திறந்தால் அன்ரிக்கு முன்னால் மானம் போகும், குட்டியும் போகும். அதைவிட, இவருடைய முகத்தில் இருந்த அந்த வெளிச்சம் போகும். ஒரு பொய் சொல்லவும் வாய் வரவில்லை. என் வாய்க்கே பேச்சு வராமல் போன நாள் அது ஒன்றுதான். கையை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டு மரம் போல நின்றேன்.

"என்ன பிள்ளை?" என்று அன்ரி நெற்றியைச் சுருக்கினா.

இவர் என்னைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். மான்கள் போய் எவ்வளவு நேரம், குட்டி இன்னும் இருந்த இடத்திலேயே இருந்தது. அது அவரைப் பார்க்கவில்லை. வாயில் வீணி வடிய என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு விளங்கிவிட்டது. முகம் ஒரு கணம் விழுந்ததை நான் கண்டேன்.

"அவவின்ரயையும் என்னட்டத் தாங்கோ அன்ரி," என்றார். "விடியத் தொடங்கி நாயைப் பிடிச்ச கை. அவ கழுவேல்லை."

"ஓமோம், நாய் பிடிச்ச கையால வாங்கேலாதுதான்," என்று அன்ரி இரண்டாவது இலையை அவருடைய மற்றக் கையில் வைத்தா. அதை வாங்குவதற்காகப் பொல்லை நிலத்தில் போட்டார். இரண்டு கையிலும் புக்கையை ஏந்திக்கொண்டு திரும்பினார், நடந்தார். முற்றத்தின் நடுவுக்குப் போகும்வரை, பொல்லில்லாமல் நடக்கிறார் என்பது எனக்கும் படவில்லை. இடது கால் இழுபட்டது, ஒவ்வொரு அடிக்கும் தோள் சரிந்தது, ஆனால் நடந்தார். படியில் தூணுக்குத் தோளைக் கொடுத்து ஏறினார். நான் பொல்லை இடது கையில் எடுத்துக்கொண்டு, ஒரு சத்தமும் போடாமல் பின்னால் போனேன்.

குசினியில் நான் நெத்தலியைச் சாம்பல் வாளிக்குள் போட்டுவிட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். திரும்பினால் இவர் பின்னால் நிற்கிறார்.

"உம்மட கை இண்டைக்குச் சரிவராது. வாயைத் திறவும்," என்றார்.

கல்யாணம் கட்டிப் பத்தொன்பது வருடம். ஒருநாளும் இந்த மனிதர் எனக்கு ஊட்டியதில்லை. புக்கையை வாயில் வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "என்னை ஏசுங்கோவன். உங்களை ஏமாத்தினனான்," என்றேன்.

"நெத்தலி தொட்டதுக்கு நான் ஏசேல்லை. வெள்ளியில உம்மைத் தொட வைச்சனான், அதுக்கு என்னைத்தான் ஏச வேணும்."

அதற்குள் காலடியில் ஏதோ அசைந்தது. குட்டி உள்ளே வந்து இவருக்கு முன்னால் நின்றது. கையில் இருந்த புக்கையைப் பார்த்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பின்பக்கத்தை நிலத்தில் வைத்து, முதுகை நிமிர்த்தி, அழகாக இருந்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். இவர் ஒரு சின்ன உருண்டையைக் கீழே போட்டார். நக்கித் தின்றுவிட்டுத் திரும்பவும் இருந்தது.

"அட சனியனே, புக்கைக்கும் இருப்பியோ நீ!" என்று நான் கத்தினேன். பாணுக்கும் இருந்திருக்கும், பருப்புச் சோற்றுக்கும் இருந்திருக்கும். மூன்று கிழமையாக மூன்று பேரில் ஒருத்தருக்கும் அது மண்டையில் ஏறவில்லை. நான் விளக்குக்கு முன்னால் நின்று சுமந்த பாவம் முழுவதும் வீண். இவர் சிரித்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் கோபமும் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

சிரித்து முடித்துவிட்டுக் கையைக் கழுவினார், துடைத்தார். வெறுங்கையை விரித்துக் குட்டிக்குக் காட்டினார். பிறகு நெஞ்சுக்கு நேரே பொத்தினார்.

"இரு," என்றார்.

குட்டி கையை மணந்து பார்த்தது. ஒன்றும் இல்லை. எழும்பி விறாந்தைக்குப் போனது. இவரும் பின்னால் போனார். "இரு" என்றார். அது முற்றத்தில் இறங்கியது. இவரும் இறங்கினார். நான் சேலை மாற்றி, பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோதும் கிணற்றடியில் இருந்து அந்தக் குரல் கேட்டது. எத்தனையாவது தரம் என்று தெரியாது. நான் கேற்றடியில் நின்று இன்னும் இரண்டு தரம் கேட்டுவிட்டு, அன்று கந்தோருக்குப் பிந்திப் போனேன்.